தருமன் திறந்த கண்புரைக் கோப்பு

ஆராய்ச்சி முடியும் வரை தன் கண்ணில் கத்தி படக் கூடாது என்று தருமன் தீர்மானம் நிறைவேற்றினார்.

முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவரே. கூட்டத்தில் இருந்த இன்னொரு ஆள் அவர் மனைவி சரோஜா. அவள் அரிவாள்மணையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காய் அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே நறுக்குப்பட்டது.

“டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துச்சு. வலது கண்ணுல புரை முத்திப் போச்சுன்னாரு. இடது கண்ணுல இப்பதான் ஆரம்பிச்சிருக்குன்னாரு.”

“அப்புறம்?”

“முதல்ல வலது கண்ணுக்கு ஆப்பரேஷன் பண்ணிடலாம்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா அப்புறம்? அவரு சொல்லிட்டாருன்னா உடனே கண்ணைக் கழட்டிக் கையில குடுத்துடுவாங்களா? நாலு இடத்துல விசாரிக்க வேணாமா? வெண்டைக்காய் வாங்கறதுக்கே நீ நாலு கடை ஏறி இறங்கறே.”

“நான் நாலு கடை ஏறி இறங்கினாலும் அன்னைக்கே வாங்கி அன்னைக்கே பொரியல் பண்ணிடுவேங்க. நீங்க ஒரே கடையில நின்னுக்கினு காய் முத்தற வரைக்கும் யோசிக்கிற ஆளு.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. தருமன் கீழ்பென்னாத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தராக இருந்து, போன பங்குனியில்தான் ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. கோப்பு சுற்றிக்கொண்டிருக்கிற வரைக்கும் யாருக்கும் ஆபத்தில்லை. முடிவு எடுத்தால்தான் ஆபத்து. பதிவறைக் கூரை ஒழுகியபோது அதற்கு ஒரு கோப்பு திறந்தார். மழையில் அந்தக் கோப்பு நனைந்து போனது. நனைந்த கோப்புக்கு இன்னொரு கோப்பு திறந்தார். அவர் ஓய்வு பெறுகிற நாளில் கூரையும் ஒழுகிக்கொண்டிருந்தது, இரண்டு கோப்பும் சுற்றிக்கொண்டிருந்தன, யாருக்கும் ஒரு கெடுதலும் வந்துவிடவில்லை.

கண்ணுக்கும் ஒரு கோப்பு திறந்துவிட்டால் போதும் என்பதுதான் அவர் கணக்கு.

ஆனால் அடியில் இருந்த விஷயம் வேறு. அதைச் சரோஜாவிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடியதாகவும் இல்லை. பயம். ரவிக்கைக்குக் கொக்கி தைக்க அவள் ஊசியை எடுத்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறவர் அவர். கண்ணில் ஒரு தூசி விழுந்தால் தெருவையே கூட்டிவிடுவார். அந்தக் கண்ணில், முழித்துக்கொண்டிருக்கும்போதே, கத்தி. அவர்கள் வீடு செங்கம் ரோட்டை ஒட்டி, ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கத் தெருவில் இருந்தது. எங்கெங்கோ தேசத்திலிருந்து ஆட்கள் வந்து கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக உட்காருகிற இடம். அந்தத் தெருவிலேயே கண்ணை மூடினாலும் திறந்தாலும் நடுங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள் தருமன்தான்.

ஆகவே மகள் கவியா வாங்கிக் கொடுத்திருந்த போனை எடுத்தார். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டார். ‘ஆப்பரேஷன் இல்லாமல் கண்புரை சரியாகுமா’ என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், உலகமே வாயைத் திறந்துவிட்டது. தேன் விடு என்றது ஒன்று. தேன் பக்கமே போகாதே என்றது இன்னொன்று. சும்மா விட்டால் பார்வையே போய்விடும் என்று ஒரு டாக்டர் படம் போட்டு விளக்கினார். எதற்கும் அவசரம் வேண்டாம் என்று தாடி வைத்த ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். தருமனுக்குத் தாடிக்காரரைப் பிடித்துப்போனது. ஆனால் மறுபடி அவரைத் தேடியபோது கிடைக்கவில்லை. திறந்த பக்கம் ஒன்றையும் மூட மனசு வராமல் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தார். எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்று காட்டுகிற மூலையில் போன் எண்ணிக்கை போடுவதையே நிறுத்திவிட்டு ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டது.

அந்த முகத்தைப் பார்த்ததும் சென்னையில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார்.

“கவியா, போன் என்னைப் பாத்து சிரிக்குதும்மா.”

“என்னாப்பா சொல்றே?”

“நிஜமாத்தான். மேல மூலையில. சின்னதா. வாயைத் தொறந்துக்கினு சிரிக்குது.”

கவியா விஷயத்தைப் புரிந்துகொள்வதற்குள் அவரிடம் இரண்டு தடவை மூச்சை இழுத்துவிடச் சொல்ல வேண்டியிருந்தது. “அப்பா, இத்தினி பக்கம் தொறந்து வெச்சா அது எண்ண முடியாம அப்படித்தான் காட்டும். ஒண்ணும் ஆகலை. எல்லாத்தையும் மூடு.”

“மூடிட்டா மறுபடி எப்படித் தேடறது? அது இல்லாம நான் எப்படி முடிவெடுக்கறது?”

“குறிப்பு எழுதி வெக்கறதுக்குன்னே ஒரு ஆப் இருக்குப்பா. உனக்குப் போட்டுத் தரேன். எந்தப் பக்கம் வேணுமோ அதை அதுல அனுப்பிடு. ஒவ்வொண்ணும் ஒரு அட்டை மாதிரி நிக்கும். தலைப்பு போட்டுக்கலாம், அடுக்கிக்கலாம், எப்ப வேணா தேடிக்கலாம்.”

அட்டை, தலைப்பு, அடுக்குதல். ஓய்வு பெற்றபின் தருமன் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தைகள் இவைதான். அன்று மாலைக்குள் போனுக்குள் ஒரு பதிவறையே எழும்பிவிட்டது. ஒவ்வொரு அட்டைக்கும், அலுவலகக் கோப்புக்குப் போடுகிற மாதிரியே, ஒரு நடப்புக் கணக்கு எண். வலது கண் பிரிவு, இடது கண் பிரிவு. சர்க்காரில் கடிதம் எழுதுகிற மாதிரியே ‘பொருள்’ என்று போட்டு ‘இமை துடித்தல் தொடர்பாக’ என்று எழுதினார். அதற்குக் கீழே, முந்தைய கடிதத்தைக் குறிப்பிட, ‘பார்வை’ என்று போட வேண்டும். போட்டார். பக்கத்தில் ‘மங்கல்’ என்று எழுதினார்.

படிக்கப் படிக்கப் பயம் கம்மியாகும் என்று நினைத்தார். ஜாஸ்திதான் ஆனது. விளக்கைச் சுற்றி வளையம் தெரியுமா என்று ஒரு பக்கம் கேட்டது. அதுவரை தெரியாத வளையம் அன்றிலிருந்து தெரிந்தது. காபி குடிக்கும்போது ஒரு கண்ணை மூடினார். சாதம் பிசையும்போது இன்னொரு கண்ணை மூடினார்.

“யாரைப் பாத்துக் கண்ணடிக்கறீங்க?” என்றாள் சரோஜா.

“பரிசோதனை.”

“நானும் பாத்துக்கினேதான் இருக்கறேன். குழம்புல உப்பு போட்டேனான்னு கேட்டா மூணு பக்கம் படிச்சுட்டுச் சொல்றீங்க. டாக்டர் கிட்ட எப்ப போறோம்?”

“கோப்பு நிலுவையில இருக்குது.”

அவள் மேற்கொண்டு சண்டை போட்டிருப்பாள். அதற்குள் செங்கம் ரோட்டில் அந்தச் சம்பவம் நடந்துவிட்டது.

தருமன் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார். ரோடு காலியாக இருப்பதாகத்தான் அவர் கண் சொன்னது. இறங்கினார். யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்கள். மூக்குக்கு முன்னால் ஒரு பஸ் முழு நீளத்துக்கும் ஓடியது. காற்று மட்டும் அவர் முகத்தில் அறைந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள். அவளுக்கும் கண்புரை இருந்து, போன வருஷம் ஆப்பரேஷன் செய்துகொண்டவள்.

“ஏண்ணே, அந்த வயிறு பெருத்த பஸ்ஸு உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“வெயிலு கூசிச்சு ஜோதிம்மா.”

“வெயிலா? மேகமூட்டமா இல்ல இருக்குது!”

பால் கவர் உடைந்து ரோட்டோடு போய்விட்டது. தருமன் வீட்டுக்கு வந்து, கடையில் பால் தீர்ந்துவிட்டது என்றார். அவருக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. சரோஜா கத்தவில்லை. திட்டவில்லை. அழவில்லை. சாப்பாடு போட்டாள், தட்டை எடுத்தாள், கழுவினாள். அன்று முழுக்க ஒரு வார்த்தை இல்லை.

அவள் கத்தினால் தருமனுக்குப் பதில் சொல்லத் தெரியும். இந்த மௌனத்துக்கு என்ன பதில் என்று போனைத்தான் கேட்க வேண்டும் போல இருந்தது.

மறுநாள் அதைவிடப் பயங்கரமான ஒன்று நடந்தது. சரோஜா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “காட்டுங்க, உங்க கோப்பைப் பாக்கலாம்” என்றாள். குரலில் வெல்லம் போட்டிருந்தது.

தருமன் போனை மார்போடு அணைத்துக்கொண்டார். “எதுக்கு?”

“சும்மாதாங்க. நீங்க பாட்டுக்கு இத்தினி பாடுபடறீங்க. நல்லாத்தான் அடுக்கி இருக்கீங்க. ஆனா இவ்வளவு எழுதணுமா? எழுதி எழுதிக் கண்ணு இன்னும் கெட்டுப் போவுதே.”

“எழுதாம எது எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?”

“கீழ ரவுண்டு ரவுண்டா கலர் இருக்குதே, அது எதுக்கு?”

“அட்டைக்குக் கலர் அடிக்கறதுக்கு.”

“அதைப் போட்டா முடிஞ்சு போச்சே! ஆப்பரேஷன் வேணாம்னு சொல்ற பக்கத்துக்கு எல்லாம் வெளிர்நீலம். வேணும்னு சொல்ற பக்கத்துக்கு எல்லாம் வெளிர்பச்சை. எழுத்தே வேணாம். தொறந்ததும் கண்ணுல அடிக்கும்.”

தருமன் அவளைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வேலையை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. இன்றைக்கு மதித்ததோடு நிற்காமல் யோசனையும் சொல்கிறாள். அதுவும் நல்ல யோசனை. பதிவறையில் அவசரக் கோப்புக்குச் சிவப்பு நாடா கட்டுவது போலத்தானே? சந்தேகம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். கொஞ்ச நேரத்தில் சந்தோஷம் ஜெயித்துவிட்டது.

“சரி. ஆனா நடுவுல அவசரப்படுத்தக் கூடாது.”

“அவசரமே இல்லை. அடுத்த பௌர்ணமிக்கு என் தம்பி ஆதிமூலம் கிரிவலம் வருவான். சுத்தி முடிச்சுக் காலையில நம்ம வீட்டுக்குத்தான் டிபன் சாப்பிட வருவான். அவன் முன்னாடி கோப்பைத் தொறப்போம். எந்தக் கலரு ஜாஸ்தியோ அதும்படி நடப்போம். நீலம் ஜாஸ்தின்னா நான் இந்த ஜென்மத்துல ஆப்பரேஷன் பேச்சே எடுக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“அண்ணாமலையார் மேல சத்தியம். நீங்களும் பண்ணுங்க.”

தருமன் கண்ணாலேயே கணக்குப் போட்டார். அட்டை சேர்க்கிறவர் அவர். கலர் அடிக்கிறவர் அவர். போன் அவர் கையில். இப்படி ஒரு தேர்தலில் தோற்கிறவன் இருக்க முடியுமா? மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “எந்தக் கலரு ஜாஸ்தியோ அதும்படி நடப்பேன். அண்ணாமலையார் மேல சத்தியம்.”

சரோஜா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது அவள் தோள் லேசாகக் குலுங்கியது மாதிரி இருந்தது. இருமல் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தருமன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுக்கும், வெளிச்சுவருக்கு வர்ணம் அடிக்க வந்த பெயிண்டரைப் பார்க்கவும் மட்டும் கீழே இறங்கினார். வேண்டாம் என்கிற பக்கங்களை வலை போட்டுத் தேடினார். தாடிக்காரர் மறுபடி கிடைத்தார். அவருக்கு ஒரு நீலம். அவருக்குத் தெரிந்த இன்னொரு தாடிக்காரர் இருந்தார். அவருக்கும் ஒரு நீலம். வேண்டும் என்கிற பக்கங்களும் நிறைய வந்து விழுந்தன. சபையில் பதில் சொல்ல உதவும் என்று அவற்றையும் நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார், பச்சை போட்டு. கலர் வட்டங்கள் ஒரே இடத்தில் நிற்காமல் விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடின. அதனால் என்ன? ஓடுகிற வட்டத்தில் நீலத்தைப் பார்த்து ஒரு குத்து. பச்சையைப் பார்த்து ஒரு குத்து.

இருந்தாலும் மனசு ஆறவில்லை. காலையில் எழுந்ததும் கோப்பைத் திறந்து பார்ப்பார். நீலமாகத்தான் இருக்கும். திரையைத் தள்ளத் தள்ள நீலம். நிம்மதியாகப் பல் துலக்கப் போவார். துலக்கும்போது ஒரு யோசனை வரும். நான் தூங்கும்போது அவள் போனை எடுத்துக் கலரை மாற்றிவிட்டால்? வாயில் நுரையோடு ஓடி வந்து மறுபடி பார்ப்பார். நீலம்தான். அன்றே போனுக்குப் பூட்டு போட்டார். பூட்டின் எண்ணை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கவியாவிடம் சொல்லி வைத்தார். கவியா அம்மாவிடம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எண்ணை மாற்றினார். மாற்றிய எண் அன்று மதியமே மறந்துபோய், விரலை வைத்துத் திறக்கும்வரை அவருக்கு உயிர் அவர் கையில் இல்லை.

சரோஜாவோ போன் பக்கமே திரும்பவில்லை. “இன்னைக்கு எத்தினி நீலம்?” என்று மட்டும் கேட்பாள்.

“வானம் மாதிரி இருக்குது,” என்பார் தருமன்.

“நல்லா சேருங்க,” என்பாள். அந்தப் பெருந்தன்மைதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

பௌர்ணமி வந்தது. ஊர் முழுக்க ஜனம். விடிந்து கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் ஆதிமூலம் வந்து சேர்ந்தான். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடுகிறவன். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவன். வெறுங்காலோடு சுற்றி வந்த பாதத்தைத் தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டே, “என்னா மாமா, கண்ணு எப்படி இருக்குது?” என்றான்.

“கண்ணுக்கு என்னா கேடு? நீ டிபன் சாப்பிடு மச்சான். அப்புறம் உனக்கு ஒரு வேலை இருக்குது.”

இட்லி முடிந்தது. சபை கூடியது. ஜோதியம்மாளும் தயிர் உறை கேட்கிற சாக்கில் வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். தருமன் தொண்டையைச் செருமினார். கோப்பு திறந்த வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார். சத்தியத்தைச் சொன்னார். கடைசியில் போனைத் திறந்து, சீர்வரிசைத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் மச்சானிடம் நீட்டினார்.

“நீலம் எத்தினி, பச்சை எத்தினின்னு பாத்து நியாயமா சொல்லு. எனக்குப் பயமில்லை.”

ஆதிமூலம் திரையைத் தள்ளினான். மறுபடி தள்ளினான். நெற்றியைச் சொறிந்தான்.

“மாமா, பச்சைதானே ஜாஸ்தியா இருக்குது?”

தருமன் முன்னால் குனிந்தார். “எது?”

“எல்லாமே. அங்க ஒண்ணு இங்க ஒண்ணு நீலம் கீது. மீதியெல்லாம் பச்சை.”

“போனை நேரா புடிச்சுப் பாருடா! தலைகீழாப் புடிச்சிருக்கப் போறே!”

“தலைகீழாப் புடிச்சா கலரு மாறுமா மாமா?”

தருமன் போனைப் பிடுங்கினார். பார்த்தார். நீலம். சுத்தமான நீலம். மச்சானை அக்காக்காரி விலைக்கு வாங்கிவிட்டாள் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. “சரி, ஒண்ணு ஒண்ணாப் படிச்சுடுவோம். நீலத்துல ஒண்ணு படி.”

ஆதிமூலம் ஒரு நீல அட்டையைத் தொட்டு உரக்கப் படித்தான். “‘கண்புரைக்கு ஆப்பரேஷன் ஒன்றே வழி. தள்ளிப்போடாதீர்கள்.’”

“அது பச்சையில இல்ல இருக்கணும்!”

“நீலத்துலதான் மாமா கீது. இது பச்சை, பாருங்க. ‘எதற்கும் அவசரம் வேண்டாம்.’ யாரோ தாடி வெச்ச ஆளு.”

“தாடிக்காரரு நீலம்டா! நானே என் கையால போட்டேன்! சரோஜா, நீ கை வெச்சிட்டே. உண்மையைச் சொல்லு.”

சரோஜா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “நான் போனைத் தொட்டேனான்னு உங்க மனசையே கேளுங்க. பூட்டு போட்டு வெச்சிருந்தீங்க. தலைமாட்டுல வெச்சுக்கினு தூங்கினீங்க. குளிக்கப் போறப்ப பிளாஸ்டிக் கவர்ல சுத்தி எடுத்துக்கினு போனீங்க. நான் எங்க தொடறது?”

“அப்ப கலரு எப்படி மாறுச்சு?”

“கலரு மாறலைங்க.” அவள் திரையில் ஒரு அட்டையைக் காட்டினாள். “இது என்னா கலரு?”

“நீலம்.”

“பக்கத்துல இருக்கறது?”

“அதுவும் நீலம்.”

ஜோதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆதிமூலம், “மாமா, ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. பக்கத்துப் பக்கத்துல நல்லாத் தெரியுதே,” என்றான் மெதுவாக.

“போனு திரை பழசு. அதான்.”

“போனை விடுங்க,” என்றாள் சரோஜா. “நான் கட்டியிருக்கற புடவை என்னா கலரு?”

தருமன் இந்த ஒன்றில் உறுதியாக இருந்தார். “இதுல என்னா சந்தேகம்? பச்சை.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. ஆதிமூலம் வாளித் தண்ணீரைப் பார்த்தான். ஜோதியம்மாள்தான் சொன்னாள். “நீலம்ணே.”

“போன ஆடி மாசம் நீலத்துல ஜாக்கெட் பிட்டு வாங்கியாங்கன்னு சொன்னேன்,” என்றாள் சரோஜா. “பச்சையை வாங்கியாந்து நீலம்னு சாதிச்சீங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும். உங்க கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க மனசு எதைக் கேக்குதோ அந்தக் கலரைச் சொல்லுது. டாக்டர் சொன்னா கேக்க மாட்டீங்க. நான் சொன்னா கேக்க மாட்டீங்க. உங்க கோப்பு சொன்னா கேப்பீங்கன்னுதான் கலர் போடச் சொன்னேன். இந்த ஒரு மாசமா நீங்க பண்ணது ஆராய்ச்சி இல்லைங்க. கண் பரிசோதனை. நீங்களே பண்ணி, நீங்களே நம்பர் போட்டு, நீங்களே பத்திரமா சேத்து வெச்சிருக்கீங்க.”

தருமன் கடைசியாக ஒரு சட்டப் பிரச்சினை கிளப்பினார். “அப்ப கலரே தப்பு. கலரு தப்புன்னா சத்தியமும் செல்லாது.”

“சத்தியம் கலருக்குத்தான் பண்ணீங்க மாமா,” என்றான் ஆதிமூலம். “உள்ள என்னா எழுதியிருக்குதுன்னு யாரும் பேசலையே. பச்சைதான் ஜாஸ்தி.”

சரோஜா அதற்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஏங்க. பயமாத்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா? நான் ஊசி எடுத்தா நீங்க வாசலுக்குப் போறவரு. ஆனா அன்னைக்கு பஸ்ஸு வந்தப்ப ஜோதியம்மா பக்கத்துல இருந்தாங்க. நாளைக்கும் இருப்பாங்களா?”

நிலைப்படியில் ஜோதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தருமன் போனை அணைத்து மடியில் வைத்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தார்கள்.

“நீ கூட வருவியா?” என்றார்.

“கதவு வரைக்கும் வருவேன். உள்ள விட்டாங்கன்னா உள்ளயும் வருவேன்.”

ஆப்பரேஷன் நடந்தது. தருமன் ஒரு மாதம் பயந்த பயத்துக்கு அது நியாயமே செய்யவில்லை. சொட்டு மருந்து விட்டார்கள். ஒரு வெளிச்சம் தெரிந்தது. மனசுக்குள் அண்ணாமலையாரைக் கூப்பிட ஆரம்பித்தார், அவர் வந்து சேர்வதற்குள் எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். கண்ணில் கட்டோடு ஆட்டோவில் வீடு வந்தார். கட்டைப் பிரித்ததும் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். உள்ளேயே இருக்க வேண்டும், தண்ணீர் படக் கூடாது, குனியக் கூடாது. சரோஜா வேளை தவறாமல் மருந்து விட்டாள். அவள் விரல் இமையைத் தொடும்போதெல்லாம் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஓடவில்லை.

ஒருநாள் டாக்டர், கண்ணாடியைக் கழற்றலாம் என்றார். தருமன் வீட்டுக்கு வந்ததும் வாசல் கேட்டருகிலேயே நின்று கழற்றினார்.

முதலில் மலை தெரிந்தது. இத்தனை வருஷமாக அங்கேதான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பச்சையாகவா? பாறை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. வானம் வானமாக இருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் பல்லி. தூரத்தில் போகிற பஸ்ஸின் போர்டு. தன் வேட்டியைப் பார்த்தார், வெள்ளை என்றால் என்ன என்று புரிந்தது. சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. “சரோ! வெளிய வா! எல்லாம் தெரியுது!” என்று திரும்பினார்.

திரும்பியவர் அப்படியே நின்றார்.

அவர் வீட்டைக் காணவில்லை. அவர் வீடு இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு வீடு இருந்தது. சுவர் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். ஜன்னலைச் சுற்றி அதிலேயே இன்னும் அடர்த்தியாக ஒரு பட்டை. எட்டு வருஷமாகக் கத்தரிப்பூ நிறம்தான் வேண்டும் என்று சரோஜா கேட்டு, வீடென்றால் சந்தனக் கலர்தான் என்று இவர் மறுத்துவந்த அதே சண்டை. அந்தச் சண்டையில் தோற்ற ஞாபகம் அவருக்கு இல்லை.

ஆப்பரேஷன் செய்த வலது கண்ணைக் கையால் மூடினார். புரை ஆரம்பித்திருக்கிற இடது கண்ணால் பார்த்தார். வீடு சந்தனக் கலர்.

இடது கண்ணை மூடி, வலது கண்ணைத் திறந்தார். கத்தரிப்பூ.

மறுபடி மூடினார். சந்தனம். திறந்தார். கத்தரிப்பூ.

சரோஜா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். “என்னாங்க, வாசல்ல நின்னுக்கினு யாரைப் பாத்துக் கண்ணடிக்கறீங்க?”

“இது எப்ப நடந்துச்சு?”

“போன மாசம். நீங்க மாடியில உக்காந்து நீலம் பச்சைன்னு சேத்துக்கினு இருந்தீங்களே, அப்ப. பெயிண்டர் வந்து முழுசா அடிச்சு முடிச்சுட்டுப் போனாரு.”

“நான்தான் சாப்பிட வந்தப்ப கீழ நின்னு பாத்தேனே! சந்தனக் கலரு நல்லா இருக்குதுன்னு பெயிண்டர்கிட்டயே சொன்னேனே!”

“நீங்க சொன்னீங்க. நான் சொன்னேனா?”

அவள் அருகே வந்து அவர் கையிலிருந்த கறுப்புக் கண்ணாடியை வாங்கி, பத்திரமாக மடித்தாள்.

“பெயிண்ட் காயட்டும்னுதாங்க உங்களை அத்தினி நாளு ஆராய்ச்சி பண்ண விட்டேன்.”